பஃபர், கரைதிறன் கணக்குகளில் விடை பிழைத்தால் எங்கே தேடுவது

வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அயன் சமநிலை அலகு முடிகிற வாரத்தில் திருத்த வரும் தாள்களில் பிழைகள் அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும். விடையாக வந்த எண்ணைப் பார்த்தாலே எந்த வரியில் சறுக்கியது என்று கண்டுபிடித்துவிடலாம். பீஎச் 0.30 தள்ளி வந்தால் அதற்கு ஒரு காரணம். கரைதிறன் சரியாக 4 மடங்கு வித்தியாசப்பட்டால் அதற்கு வேறு காரணம். அவற்றை அறிகுறி பார்த்துத் தேடுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கோட்பாடு பாடநூலில் இருக்கிறது. பிழைத்த கணக்கைக் கொப்பியில் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் விடைக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேரே போங்கள்.

ஒவ்வொரு தலைப்பின் கீழும் சில விநாடியில் பார்க்கக்கூடிய காரணம் முதலில் வரும். கணக்கைத் திரும்பச் செய்யவைக்கும் காரணம் கடைசியில். இங்கே செலவு என்பது நேரம். முதலாம் பத்திரத்தில் 50 வினாவுக்கு 2 மணித்தியாலம், ஒரு வினாவுக்கு 2.4 நிமிடம். கணிப்பானும் கிடையாது.

வகுப்பில் சொல்வதுபோலவே கேஏ, கேபீ, கேஎஸ்பி என்று எழுதுகிறேன். கேஏ மென்னமிலத்தின் அயனாக்க மாறிலி, கேபீ மென்மூலத்தினது, கேஎஸ்பி கரைதிறன் பெருக்கம். பீகேஏ என்பது கேஏயின் மடக்கையை எதிர்க்குறியோடு எடுத்தது. பஃபர் என்பது மென்னமிலமும் அதன் உப்பும் (அல்லது மென்மூலமும் அதன் உப்பும்) சேர்ந்த கரைசல், சிறிதளவு அமிலமோ மூலமோ சேர்ந்தாலும் அதன் பீஎச் அதிகம் மாறாது. செறிவெல்லாம் மூல்/லீற்றரில். லீற்றர் என்பது ஒரு கன டெசிமீற்றர்தான். வெப்பநிலை 25 பாகை செல்சியஸ். அசற்றிக்கமிலத்தின் கேஏ 1.8×10⁻⁵, ஆகவே பீகேஏ 4.74. அமோனியாவின் கேபீயும் 1.8×10⁻⁵ தான். இந்த ஒற்றுமையே ஒரு பொறி, கீழே வரும்.

எதற்கும் முன்னால் ஒரு சோதனை

இரண்டு கரைசல்களைக் கலக்கும் கணக்கா? அப்படியானால் உங்கள் முதல் வரியில் மூல் எண்ணிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வரியே சமநிலைச் சமன்பாடாக இருந்தால் பிழை பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் தாக்கம், பிறகு சமநிலை. வன்னமிலமோ வன்மூலமோ சேர்ந்தால் அது தாக்கமுறக்கூடியதோடு முழுக்கத் தாக்கமுற்று முடியட்டும். வீழ்படிவாகும் அயன்கள் சேர்ந்தால் அவையும் படிந்து முடியட்டும். இதெல்லாம் மூலில். மிச்சம் என்ன, எந்தக் கனவளவில் இருக்கிறது என்று எழுதிய பிறகுதான் கேஏயையும் கேஎஸ்பியையும் தொட வேண்டும். இந்த ஒரு ஒழுங்கு கைவந்தால் கீழே உள்ள தலைப்புகளில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

அறிகுறி: பஃபரின் பீஎச் எதிர்ப்பக்கம் போய்விட்டது

அமிலம் கூட, உப்புக் குறைய. ஆனால் பீஎச் பீகேஏயை விட மேலே வந்திருக்கிறது. அல்லது அமோனியா பஃபருக்கு விடை 5 என்று நிற்கிறது.

*விகிதம் தலைகீழா?* அசற்றிக்கமிலம் 0.20, சோடியம் அசற்றேற்று 0.10 என்று வைப்போம். பீஎச் = பீகேஏ + மடக்கை (உப்பு/அமிலம்). மடக்கைக்குள் உப்பு மேலே, அமிலம் கீழே. 0.10/0.20 இன் மடக்கை −0.30, பீஎச் 4.44. தலைகீழாகப் போட்டால் 5.04 வரும். சமன்பாட்டை மனப்பாடமாக நினைவுகூர்ந்து சரிபார்க்க வேண்டாம், பரீட்சை மண்டபத்தில் நினைவு ஏமாற்றும். இப்படிக் கேளுங்கள்: எது கூட இருக்கிறது? அமிலம் கூட என்றால் பீஎச் பீகேஏக்குக் கீழே இருந்தாக வேண்டும். அவ்வளவுதான்.

*பீஓஎச்சோடு நின்றுவிட்டீர்களா?* அமோனியா 0.10, அமோனியம் குளோரைட்டு 0.20. கேபீயை வைத்துச் செய்தால் 4.74 + 0.30 = 5.04. இது பீஓஎச், அதாவது ஐதரொட்சைட்டுச் செறிவிலிருந்து வரும் எண். 14 இலிருந்து கழித்தால் 8.96. மேலே அசற்றிக்கமிலக் கணக்கில் பிழையாக வந்ததும் 5.04 தான், கவனித்தீர்களா? பல்தேர்வு வினாவில் இந்த எண்ணும் ஒரு தெரிவாக இருந்தால் கை தன்பாட்டில் அதில் போய் நிற்கும்.

*கேபீயைக் கேஏ என்று நினைத்துவிட்டீர்களா?* அமோனியாவுக்கு 1.8×10⁻⁵ என்றால் அமோனியம் அயனின் கேஏ 5.6×10⁻¹⁰, பீகேஏ 9.26. வினாவில் மாறிலி எந்தப் பெயரோடு தரப்பட்டிருக்கிறது என்று அடிக்கோடிடுங்கள். அமோனியா பஃபரின் விடை 7க்குக் கீழே வந்தால் மேலே போய்த் தேடாமல் இதையும் முந்தியதையும் மட்டும் பார்த்தால் போதும்.

அறிகுறி: பீஎச் கிட்டத்தட்டச் சரி, ஆனால் கொஞ்சம் தள்ளி நிற்கிறது

இந்தத் தலைப்புக்குத்தான் பிள்ளைகள் கூடுதலாக வருவார்கள். "சேர், எல்லாம் சரியாத்தானே போட்டிருக்கிறன், ஏன் வரேல்ல?" என்பார்கள். எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று முதலில் அளவெடுங்கள்.

*0.30 தள்ளி நின்றால்* கலந்த கரைசலின் தொடக்கச் செறிவுகளை அப்படியே விகிதத்தில் போட்டிருப்பீர்கள். 0.20 அசற்றிக்கமிலம் 50 மில்லிலீற்றரும் 0.10 சோடியம் ஐதரொட்சைட்டு 50 மில்லிலீற்றரும் கலக்கிறோம். அமிலம் 0.010 மூல், மூலம் 0.005 மூல். தாக்கம் முடிந்ததும் அமிலம் 0.005, அசற்றேற்று 0.005. விகிதம் 1, பீஎச் 4.74. தாக்கத்தை எழுதாமல் 0.10/0.20 என்று போட்டவருக்கு 4.44 வரும். ஐதரொட்சைட்டு உப்பாக மாறுகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அது அமிலத்தையும் அதே அளவு தின்றுவிடுகிறது என்பதை எழுத மறந்திருக்கிறார்.

*மாற்றம் இருக்க வேண்டியதில் பாதியாக இருந்தால்* விகிதத்தின் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். அமிலமும் உப்பும் 0.10 ஆக உள்ள பஃபர் 100 மில்லிலீற்றர், அதற்கு 0.10 சோடியம் ஐதரொட்சைட்டு 10 மில்லிலீற்றர் சேர்க்கிறோம். தொடக்கத்தில் இரண்டும் 0.010 மூல், சேர்த்தது 0.001 மூல். முடிவில் உப்பு 0.011, அமிலம் 0.009. விகிதம் 1.22, மடக்கை 0.09, பீஎச் 4.83. உப்பை மட்டும் கூட்டிவிட்டு அமிலத்தை 0.010 என்றே விட்டால் 4.78. உயர்வு 0.09க்குப் பதில் 0.04. அனேகமாகப் பாதி. இந்தப் பாதியைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

*விகிதத்தில் பூச்சியம் வந்தால்* மூலைக் கழிக்காமல் செறிவைக் கழித்திருக்கிறீர்கள். அதே கணக்கில் 0.10 இலிருந்து 0.10 ஐக் கழித்தால் அமிலமே இல்லாமல் போகும். 10 மில்லிலீற்றரில் உள்ள 0.10 உம் 100 மில்லிலீற்றரில் உள்ள 0.10 உம் ஒரே அளவு பொருள் ஆகாது.

*சரியாக 1 தள்ளி நின்றால்* ஒன்றில் பத்தின் அடுக்கு தவறியது, இல்லாவிட்டால் பஃபரை 10 மடங்கு ஐதாக்கியதற்குப் பீஎச்சை 1 ஆல் மாற்றியிருக்கிறீர்கள். ஐதாக்கும்போது மேலும் கீழும் ஒரே அளவால்தான் குறையும், விகிதம் மாறாது. நம் கணக்குகளில் பீஎச் அப்படியே நிற்கும்.

பஃபர் கணக்கு முடிந்ததும் விடையின் பருமனையும் ஒரு தடவை பாருங்கள். மேலே சேர்த்த அதே 0.001 மூல் ஐதரொட்சைட்டை 100 மில்லிலீற்றர் வெறும் நீரில் விட்டிருந்தால் பீஎச் 12க்குக் கிட்டப் போயிருக்கும். பஃபரில் 0.09 தான் ஏறியது. உங்கள் விடையில் பீஎச் 4.74 இலிருந்து 7க்கோ 9க்கோ தாவியிருந்தால், பஃபரின் வேலையே நடக்கவில்லை என்று அர்த்தம். அப்போது கீழே உள்ள தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: மடக்கைக்குள் பூச்சியம், எதிர் எண், அல்லது அர்த்தமில்லாத தாவல்

கணக்கு பஃபர் கணக்கே அல்ல என்பதற்கு இது அடையாளம். கலவை கலந்த பிறகு என்ன மிச்சம் என்று பார்த்து வழியைத் தெரிவுசெய்யுங்கள். 0.20 அசற்றிக்கமிலம் 50 மில்லிலீற்றரையே, அதாவது 0.010 மூலையே எடுத்துக்கொள்வோம். சேர்க்கும் சோடியம் ஐதரொட்சைட்டும் ஒவ்வொரு முறையும் 50 மில்லிலீற்றர்.

*மென்னமிலமும் அதன் உப்பும் மிச்சம்.* மூலம் 0.10 என்றால் இப்படி. பஃபர்தான். விடை 4.74.

*உப்பு மட்டும் மிச்சம்.* மூலம் 0.20 என்றால் அமிலம் முழுக்க முடிந்துவிடும். அசற்றேற்று 0.010 மூல், 100 மில்லிலீற்றரில், செறிவு 0.10. இனி நீர்ப்பகுப்பு, அதாவது அசற்றேற்று நீரோடு தாக்கமுற்று ஐதரொட்சைட்டைத் தருவது. அசற்றேற்றின் கேபீ 5.6×10⁻¹⁰. அதை 0.10 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஐதரொட்சைட்டு 7.5×10⁻⁶, பீஎச் 8.87. அமிலமும் மூலமும் சரிக்குச் சரி முடியும் இந்தச் சமவலுப் புள்ளியில் 7 என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வன்மூலம் சேர்க்கும்போது 7 வர வேண்டுமென்றால் அமிலமும் வன்னமிலமாக இருக்க வேண்டும்.

*வன்மூலம் மிச்சம்.* மூலம் 0.30 என்றால் 0.005 மூல் மீதி, செறிவு 0.050, பீஓஎச் 1.30, பீஎச் 12.70. இங்கே அசற்றேற்றைக் கவனிக்கவே வேண்டாம்.

*மென்னமிலம் மட்டும்.* மூலம் எதுவும் சேர்க்கவில்லை. கேஏயைச் செறிவால் பெருக்கி வர்க்கமூலம். இதற்குப் பஃபர் சமன்பாட்டைத் தேடுகிறவர் வினாவை வாசிக்காமல் தொடங்கியவர்.

உப்புக் கரைசலுக்கு ஐதரோகுளோரிக்கமிலம் சேர்க்கும் கணக்கும் இதே நாலு கிளைதான், பக்கம் மட்டும் மாறும். அசற்றிக்கமிலத்தோடு ஐதரோகுளோரிக்கமிலத்தைக் கலந்துவிட்டு "அமிலம் இருக்கிறது, ஆகவே பஃபர்" என்று எழுதினால் அது பிழை. அங்கே மூல வடிவம் பெயருக்குத்தான் இருக்கிறது. பீஎச்சை வன்னமிலமே தீர்மானிக்கும்.

கிளையைத் தெரிவுசெய்வதில் திரும்பத் திரும்பப் பிழைக்கிறதா? அப்படியானால் குறை பஃபரில் இல்லை. எல்லைப்படுத்தும் தாக்கியைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. பீசமானக் கணக்குகளுக்கு, அதாவது எத்தனை மூலோடு எத்தனை மூல் தாக்கமுறும் என்ற கணக்குகளுக்குத் திரும்பிப் போய் ஒரு பிற்பகல் செலவழியுங்கள். நேரம் கூடப் போகும் திருத்தம் இதுதான், ஆனாலும் தவிர்க்க முடியாது.

அறிகுறி: நீரில் கரைதிறன் விடையோடு ஒத்துவரவில்லை

கல்சியம் புளோரைட்டு, கேஎஸ்பி 3.2×10⁻¹¹ என்று தரப்பட்ட வினா. கரைதிறன் எஸ் என்றால் கல்சியம் அயன் எஸ், புளோரைட்டு 2எஸ். பெருக்கம் 4எஸ்³. எஸ்³ = 8×10⁻¹², எஸ் = 2.0×10⁻⁴. உங்கள் விடை வேறாக இருந்தால் பட்டியலில் பாருங்கள்:

- 5.7×10⁻⁶ வந்தால், எல்லா உப்புக்கும் வர்க்கமூலம் எடுக்கும் பழக்கம். வெள்ளி குளோரைட்டுக்கு அது சரி, இதற்குச் சரிவராது.
- 3.2×10⁻⁴ வந்தால், புளோரைட்டையும் எஸ் என்றே வைத்துவிட்டீர்கள். 4 காணாமல் போயிருக்கிறது.
- 4.0×10⁻⁶ வந்தால், 2எஸ் என்று எழுதியும் அதை வர்க்கிக்கவில்லை.
- 4.0×10⁻⁴ வந்தால், கணக்குச் சரி, கேள்விக்கு விடை பிழை. அது புளோரைட்டின் செறிவு, உப்பின் கரைதிறன் அல்ல.
- 0.0156 வந்தால் பதற வேண்டாம், அது கிராம்/லீற்றர். மூலர் திணிவு 78 ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். வினா எந்த அலகில் கேட்கிறது என்று மட்டும் பாருங்கள்.

கேஎஸ்பி சிறிதாக இருந்தால் கரைதிறனும் சிறிது என்று எழுதிப் பிழைத்தால், ஒப்பிட்ட இரண்டு உப்பும் ஒரே வகையா, அதாவது அயன்கள் ஒரே விகிதத்தில் பிரிகின்றனவா என்று பாருங்கள். வெள்ளி குளோரைட்டு 1.8×10⁻¹⁰, வெள்ளி குரோமேற்று 1.1×10⁻¹². இரண்டாவது நூறு மடங்குக்கும் மேல் சிறிது. ஆனால் கரைதிறன்கள் முறையே 1.3×10⁻⁵, 6.5×10⁻⁵. குரோமேற்றுத்தான் கூடக் கரைகிறது. ஜேர்மன் இரசாயனவியலாளர் மோர் 1856இல் தந்த குளோரைட்டு நியமிப்பு இதில்தான் தங்கியிருக்கிறது. வெள்ளி நைத்திரேற்றைத் துளித்துளியாக விடும்போது வெள்ளையாகக் குளோரைட்டு படிந்துகொண்டே இருக்கும், அது அனேகமாக முடிந்த பிறகுதான் செங்கட்டி நிறம் நிலைத்து நிற்கும். குரோமேற்று 0.010 என்றால் அது படியத் தொடங்க வெள்ளி அயன் 1.05×10⁻⁵ வேண்டும். அந்த நேரத்தில் குளோரைட்டு 1.7×10⁻⁵ தான் மிச்சம். இந்த இரண்டு எண்ணையும் ஒருதரம் நீங்களே போட்டுப் பாருங்கள். கேஎஸ்பியை மட்டும் பார்த்து வரிசை சொல்லும் பழக்கம் அதோடு போய்விடும்.

அறிகுறி: பொது அயன் வந்ததும் விடை குழம்புகிறது

உப்பில் உள்ள ஓர் அயன் கரைசலில் ஏற்கெனவே இருந்தால் அதுதான் பொது அயன். முதல் சோதனை: விடை நீரில் உள்ள கரைதிறனை விடக் குறைவா? கல்சியம் புளோரைட்டுக்கு 2.0×10⁻⁴ ஐ விடக் கூட வந்திருந்தால் மேலே பார்க்கத் தேவையில்லை, எங்கோ கழன்றிருக்கிறது.

*4 மடங்கு குறைவு.* 0.010 சோடியம் புளோரைட்டுக் கரைசலில் புளோரைட்டு 0.010 தான். அதை 2 ஆல் பெருக்கி 0.020 என்று எழுதினால் எஸ் 8.0×10⁻⁸ வரும், சரியான விடை 3.2×10⁻⁷. 2 என்பது கல்சியம் புளோரைட்டிலிருந்து வரும் புளோரைட்டுக்கு மட்டும். வெளியிலிருந்து வந்ததற்கு அதன் சொந்தச் சூத்திரம்.

*பொது அயன் கல்சியமாக இருந்தால்* 2 திரும்பி வரும். 0.010 கல்சியம் குளோரைட்டில் 0.010 × 4எஸ்² = 3.2×10⁻¹¹, எஸ் 2.8×10⁻⁵. அதே 0.010 தான், ஆனாலும் புளோரைட்டு அளவுக்குக் கல்சியம் அமுக்காது. வர்க்கம் எதில் இருக்கிறதோ அதன் கை ஓங்கும்.

*முப்படிச் சமன்பாட்டில் மாட்டிக்கொண்டால்* புறக்கணிப்பைச் செய்யவில்லை. 0.010 + 2எஸ் என்பதை 0.010 என்று எடுங்கள், விடை வந்த பிறகு 2எஸ் உண்மையிலேயே சிறிதா என்று பார்த்து ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுதாமல் விடவே கூடாது.

அறிகுறி: வீழ்படிவு வரும் என்றீர்கள், வரவில்லை

*கனவளவு.* முதலில் இதைப் பாருங்கள். வெள்ளி நைத்திரேற்று 2.0×10⁻⁵, சோடியம் குளோரைட்டு 2.0×10⁻⁵, சம கனவளவு. நேரடியாகப் பெருக்கினால் 4.0×10⁻¹⁰, கேஎஸ்பி 1.8×10⁻¹⁰ ஐத் தாண்டுகிறது, வீழ்படிவு என்று எழுதத் தோன்றும். ஆனால் கலந்ததும் இரண்டும் பாதியாகும். அயன் பெருக்கம் 1.0×10⁻¹⁰, வீழ்படிவு இல்லை. எண்களை இப்படிப் பார்த்துப் பார்த்து வைப்பது வினா தயாரிப்பவரின் வேலை. சம கனவளவுக் கலவையில் உங்கள் அயன் பெருக்கம் 4 மடங்கு, அல்லது ஓர் அயன் வர்க்கமாக வரும் உப்பில் 8 மடங்கு கூடியிருந்தால் காரணம் இது ஒன்றுதான்.

*வீழ்படிவு வந்த பிறகு கரைசலில் மிஞ்சும் அயன் பிழை.* 0.020 வெள்ளி நைத்திரேற்று 100 மில்லிலீற்றர், 0.010 சோடியம் குளோரைட்டு 100 மில்லிலீற்றர். குளோரைட்டின் செறிவு என்ன? வர்க்கமூலம் எடுத்து 1.3×10⁻⁵ என்று எழுதினால் பிழை. வெள்ளி 0.002 மூல், குளோரைட்டு 0.001 மூல். படிந்து முடிந்ததும் வெள்ளி 0.001 மூல் மீதி, 200 மில்லிலீற்றரில் 0.0050. குளோரைட்டு 1.8×10⁻¹⁰ / 0.0050 = 3.6×10⁻⁸. முதலில் தாக்கம், பிறகு சமநிலை.

அறிகுறி: பஃபரும் கேஎஸ்பியும் ஒரே வினாவில் வந்து கை நின்றுவிட்டது

கட்டுரை வினாவில் புள்ளி கூடப் போகும் இடம் இது. இதில் அவசரப்படாமல் நில்லுங்கள்.

0.20 மகனீசியம் குளோரைட்டு 50 மில்லிலீற்றரோடு 0.20 அமோனியாக் கரைசல் 50 மில்லிலீற்றர் கலக்கிறோம். மகனீசியம் ஐதரொட்சைட்டு படியாமலிருக்க எத்தனை கிராம் அமோனியம் குளோரைட்டு வேண்டும்? கேஎஸ்பி 1.0×10⁻¹¹ எனத் தரப்பட்டிருக்கிறது.

கை நிற்பதற்குக் காரணம், இரண்டு சமநிலையையும் ஒரே நேரத்தில் தீர்க்கப் பார்ப்பது. இரண்டையும் இணைப்பது ஓர் எண்தான்: ஐதரொட்சைட்டின் செறிவு. ஒரு பக்கத்திலிருந்து அதைக் கண்டுபிடித்து மறுபக்கத்தில் கொண்டுபோய்ப் போடுங்கள்.

கலந்ததும் மகனீசியம் 0.10, அமோனியா 0.10. கேஎஸ்பி அனுமதிக்கும் ஐதரொட்சைட்டு: 1.0×10⁻¹¹ / 0.10 = 1.0×10⁻¹⁰, வர்க்கமூலம் 1.0×10⁻⁵. இதை அமோனியாவின் கேபீயில் போட்டால் அமோனியம் = 1.8×10⁻⁵ × 0.10 / 1.0×10⁻⁵ = 0.18. கரைசல் 100 மில்லிலீற்றர், ஆகவே 0.018 மூல், மூலர் திணிவு 53.5, விடை 0.96 கிராம். இதற்குக் குறைந்தால் வீழ்படிவு தொடங்கும்.

இனி விடை வேறானால்:

*9.6 கிராம்* என்றால் ஒரு லீற்றருக்குக் கணித்திருக்கிறீர்கள். கடைசி வரி மட்டும்தான் பிழை.

*அமோனியம் 0.51* என்றால் இரண்டு செறிவையும் 0.20 என்றே விட்டிருக்கிறீர்கள். மறுபடியும் கனவளவு.

*அமோனியம் 18000* என்றால் ஐதரொட்சைட்டுக்கு வர்க்கமூலம் எடுக்கவில்லை. ஒரு லீற்றர் நீரில் நீரே கிட்டத்தட்ட 55.5 மூல்தான். இப்படிப்பட்ட எண் வந்தால் அடுத்த வரிக்குப் போகவே கூடாது.

*இடையில் பீஎச்சுக்கு மாற்றி, திரும்ப மாற்றிக் குழம்பியிருந்தால்* அந்த வளைவே தேவையில்லை. இந்தக் கணக்கு முழுக்க ஐதரொட்சைட்டிலேயே ஓடும். பீஎச் கேட்டால் மட்டும் கடைசியில் மாற்றுங்கள், இங்கே அது 9.

அமோனியம் குளோரைட்டு சேர்க்காவிட்டால் என்னவாகும் என்றும் போட்டுப் பாருங்கள். ஐதரொட்சைட்டு 1.3×10⁻³, அயன் பெருக்கம் 1.8×10⁻⁷, கேஎஸ்பியைப் போல 18000 மடங்கு. பண்பறி பகுப்பில், ஐதரொட்சைட்டாகப் படியவைக்கும் மூன்றாம் கூட்டத்துக்கு அமோனியாவை விடுவதற்கு முன் அமோனியம் குளோரைட்டைச் சேர்ப்பது ஏன் என்று கேட்டால், இந்த இரண்டு எண்ணையும் எழுதினால் போதும். அதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

அறிகுறி: அமிலம் சேர்த்தால் கரையுமா இல்லையா என்பதில் தடுமாற்றம்

எதிரயனைப் பாருங்கள். காபனேற்று, ஐதரொட்சைட்டு, புளோரைட்டு போல ஐதரசன் அயனைப் பிடித்துக்கொள்ளக்கூடியது என்றால் அமிலத்தில் கரைதிறன் கூடும். குளோரைட்டு, அயடைட்டு என்றால் அமிலத்துக்கு அங்கே வேலையில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலக் கிணற்று நீரில் கேத்தலில் படியும் வெள்ளைப் படலத்துக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைத்துக் கழரும். கொழும்பில் களனி கங்கைக் குழாய்நீர் குடிக்கும் பிள்ளைகள் பலர் அந்தப் படலத்தைக் கண்டிருக்கமாட்டார்கள். விடுமுறையில் ஊருக்குப் போனால் அம்மம்மாவின் கேத்தலில் ஒருதரம் செய்து பாருங்கள்.

அறிகுறி: வழி சரி, எண் மட்டும் பிழை

அடுக்கில்தான் இருக்கும். வர்க்கமூலத்துக்கு அடுக்கு இரட்டையாகவும் கனமூலத்துக்கு 3 ஆல் வகுபடுவதாகவும் இருக்க வேண்டும். வெள்ளி குரோமேற்றுக் கணக்கில் எஸ்³ ஆக வரும் 2.75×10⁻¹³ ஐ 275×10⁻¹⁵ என்று மாற்றுங்கள். 6³ 216, 7³ 343, ஆகவே 6.5க்குக் கிட்ட. மடக்கைக்கு 2க்கு 0.30, 3க்கு 0.48 என்ற இரண்டும் நினைவில் இருந்தால் நிறையச் சமாளிக்கலாம். 1.8 என்பது 2×3×3/10, ஆகவே 0.30 + 0.96 − 1 = 0.26. 4.74 அங்கிருந்துதான் வருகிறது.

எப்போது ஆசிரியரிடம் போக வேண்டும்

மேலே உள்ளதெல்லாம் பார்த்தும் விடை வரவில்லை என்றால், அதே கணக்கை மறுநாள் பழைய வரிகளைப் பார்க்காமல் வெற்றுத்தாளில் செய்யுங்கள். அப்போதும் அதே பிழை வந்தால் தாமதிக்க வேண்டாம், போய்க் கேளுங்கள். வினாவை மட்டும் கொண்டுபோனால் ஆசிரியர் தன் வழியில் செய்து காட்டுவார், உங்கள் பிழை உங்களிடமே இருக்கும். நீங்கள் எழுதிய தாளை, வெட்டிய வரிகளோடு அப்படியே கொண்டுபோங்கள்.

சில கணக்குகளை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. வெள்ளி குளோரைட்டு அமோனியாவில் கரைவது அப்படியொன்று. வெள்ளி அயன் அமோனியாவோடு சிக்கலயனாகப் போய்விடுவதால் கேஎஸ்பி மட்டும் போதாது, இன்னொரு மாறிலி வேண்டும். பல படியாக அயனாகும் அமிலத்தின் பஃபரில் எந்தக் கேஏயை எடுப்பது என்று புரியாவிட்டாலும் தனியே மல்லுக்கட்ட வேண்டாம்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் பஃபர் செய்து, பீஎச்மானி கணித்த விடையோடு ஒத்துப்போகவில்லை என்று வருகிறவர்களும் உண்டு. சமமாகக் கலந்த 0.10 அசற்றேற்று பஃபருக்கு 4.74க்குச் சற்றுக் கீழே காட்டினால் அது கோளாறு அல்ல. அந்தச் செறிவில் அயன்கள் ஒன்றையொன்று பாதிப்பதை நம் கணக்கு எடுத்துக்கொள்வதில்லை. அதைவிடப் பெரிய வித்தியாசம் என்றால் மின்வாயைக் காய்ச்சிவடித்த நீரால் கழுவி, 4, 7 நியமக் கரைசல்களில் திரும்ப அளவுதிருத்துங்கள். நியமக் கரைசல் போத்தல் எப்போது திறந்தது என்றும் பாருங்கள், பழையதை வைத்துத் திருத்தினால் பயனில்லை. எண் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாலோ, மின்வாயின் கண்ணாடிக் குமிழ் காய்ந்து கிடந்தாலோ நீங்கள் தொட வேண்டாம், ஆய்வுகூட உதவியாளரிடம் கொடுத்துவிடுங்கள். அந்தக் குமிழைத் துணியால் அழுத்தித் துடைத்தால் அது கீறிப் பாழாகிவிடும்.